ஆண்டவருக்கென்று ஒரு வேலை

திண்டிவனம்
16 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் இங்கே சுகம். நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மல்லாட்டைச் செடி பிடுங்கப் போனால் குத்த வைத்தே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். நீதான் சொல்ல வேண்டும். என் பேச்சைக் கேட்காது.

நவதுறவு என்கிற இந்தப் பயிற்சி தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. வெள்ளை உடுப்பு கொடுத்துவிட்டார்கள். இந்த ஒரு வருஷம் போன் கிடையாது, வீட்டுக்கு வருவது கிடையாது, கடிதம் மட்டும்தான். காணையிலிருந்து இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஆனாலும் கடல் தாண்டிப் போனவள் மாதிரி நினைத்துக்கொள் என்கிறார் எங்கள் பயிற்றுநர் சிஸ்டர் ஜெசிந்தா. வரும் கடிதங்களை அவர் படித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார். அது இங்குள்ள ஒழுங்கு. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

போன வாரம் தியானம் நடந்தது. "நான் என்ன ஆகணும்னு கேக்காதீங்க. என்னை வெச்சு ஆண்டவர் என்ன செய்ய நெனைக்கிறார்னு கேளுங்க. அதுதான் கிறிஸ்தவ லட்சியம்" என்றார் சிஸ்டர். ஒவ்வொருவரும் எழுதிப் பீடத்தில் வைத்தோம். யாரும் தொட அருவருக்கிற நோயாளிகளைத் தொட்டுத் துடைக்கிற கையாக நான் இருக்க வேண்டும் என்று எழுதினேன். அப்பா கடைசியாகப் படுத்திருந்த நாட்கள் ஞாபகம் வந்தது.

அண்ணா, நீயும் ஒரு லட்சியம் வைத்துக்கொள். ஜெபித்துவிட்டு எனக்கு எழுது. அம்மாவைப் பார்த்துக்கொள்ள நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் இங்கே இருக்கிறேன்.

அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தங்கை
அஸ்வினி

*

காணை
7 ஜூலை 2024

அன்புத் தங்கச்சி அஸ்வினிக்கு,

புகழேந்தி எழுதுகிறேன். இங்கே அம்மாவும் நானும் நலம். நீயும் உன்னோடு இருக்கும் சிஸ்டர்மார்களும் நலமாக இருக்க வேண்டும். சிஸ்டர் ஜெசிந்தாவும் இதைப் படிப்பார் என்பதால் கையெழுத்தைத் திருத்தி எழுதுகிறேன். சிஸ்டர், வணக்கம்.

அம்மாவின் முட்டிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். தடவிக்கொண்டு மறுநாள் நடவுக்குப் போய்விட்டது.

லட்சியம் கேட்டிருந்தாய். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயிலிலேயே உட்கார்ந்து யோசித்தேன். ஒரு சந்தேகம் வந்தது. ஆண்டவரிடம் கேட்டுவிட்டு லட்சியம் வைப்பதா, நாம் வைத்துவிட்டு அவரிடம் சொல்வதா? அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நானே வைத்துவிட்டேன்.

முதலாவது, குரூப் டூ பாஸ் பண்ண வேண்டும். தாலுகா ஆபீசில் நம் தெருக்காரர்கள் சாதிச் சான்றிதழுக்கு எத்தனை நாள் நின்றிருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். நான் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால், வருகிறவருக்கு முதலில் ஒரு நாற்காலி போடுவேன். சிரிக்காதே. அதுதான் என் லட்சியம். இரண்டாவது, அம்மா கரும்புக் கொல்லைக்குப் போகக் கூடாது. மூன்றாவது ஒன்று இருக்கிறது. சிஸ்டர் படிப்பதால் எழுதவில்லை.

பரீட்சை வரைக்கும் சும்மா இருக்க முடியாது. விழுப்புரத்தில் ஒரு லாரி கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. சூப்பர்வைசர் மாதிரி. சுப்பராயலு என்று ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே. பி.காம். என்று சொன்னதும் "கணக்கு நீயே பாத்துக்கோப்பா" என்றார். நாளையிலிருந்து போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
புகழேந்தி

*

திண்டிவனம்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். மாதாவின் விண்ணேற்பு விழா நல்லபடி முடிந்தது. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல், இப்போது தேவலை. நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். ஏதோ தப்பு என்று பயந்துகொண்டு போனேன். "உங்க அண்ணன் அந்த நாற்காலியப் பத்தி எழுதியிருக்கான் பாரு, நீங்க எல்லாரும் எழுதினதுல எதுவும் அதுக்கு ஈடில்ல" என்றார். எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? எங்கள் அண்ணன் சூப்பர்வைசர் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உன் பரீட்சைக்காக மாலை ஜெபத்தில் தினமும் வேண்டுகிறோம்.

லாரி கம்பெனி என்றாயே, என்ன ஏற்றுகிறீர்கள்? நெல்லா, கரும்பா? வளவனூர்ப் பக்கம் போனால் பெரியம்மா வீட்டில் என்னைப் பற்றிச் சொல். ரொம்ப நாளாக விசாரிக்கவில்லை என்று கோபமாக இருப்பார்கள்.

நானும் உனக்காக வேண்டிக்கொள்கிறேன்.

அஸ்வினி

*

காணை
22 செப்டம்பர் 2024

தங்கச்சி அஸ்வினிக்கு,

இங்கே நலம். உன் காய்ச்சல் முழுசாக விட்டதா? அம்மா தினமும் கேட்கிறது.

பரீட்சை எழுதிவிட்டேன். சரியாக எழுதவில்லை. படித்ததெல்லாம் தலையில் இருந்தது, ஆனால் தலைவலிக்கு அடியில் இருந்தது. இந்த வேலைக்குப் போனதிலிருந்து தலைவலி விடுவதில்லை. சாப்பாடும் இறங்குவதில்லை. இரண்டு தடவை குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன். அம்மா சோறு போட்டால் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

எல்லாம் எழுத முடியாது. வேலையை விட்டுவிடலாமா என்று இருக்கிறது. பேசாமல் கரும்பு வெட்டவே போய்விடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் சம்பளம் ஒழுங்காக வருகிறது. அம்மா இரண்டு மாதமாகக் கொல்லைக்குப் போகவில்லை. அதை நினைத்தால் விடவும் மனசு வரவில்லை.

நீ ஆண்டவருக்குப் பக்கத்தில் இருக்கிறவள். ஜெபித்துவிட்டு என்ன செய்யலாம் என்று சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அண்ணன்
புகழேந்தி

*

திண்டிவனம்
6 அக்டோபர் 2024

என் அன்பு அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான் சுகம். உன் கடிதம் கிடைத்த அன்றே சிற்றாலயத்தில் போய் உட்கார்ந்தேன். உனக்காக ஒரு மணி நேரம் முழங்காலில் இருந்தேன்.

அண்ணா, வேலையை விடாதே. எனக்கு மனதில் பட்டதைச் சொல்கிறேன். இங்கே முதல் மாதம் எனக்குக் கொடுத்த வேலை பன்றிக் கொட்டகை கழுவுவது. வாந்தி வந்தது. அழுதுகொண்டே சிஸ்டரிடம் போனேன். "எந்த வேலையானாலும் மனுஷனுக்குச் செய்றதா நெனைக்காத. ஆண்டவருக்குச் செய்றதா நெனச்சு, மனசாரச் செய். அப்புறம் அதுல கீழ்வேலை மேல்வேலைன்னு எதுவும் இருக்காது" என்றார். அன்றிலிருந்து பக்கெட்டைத் தூக்கும் முன் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறேன். இப்போது நாற்றமே தெரிவதில்லை.

ஆண்டவரும் முப்பது வயது வரை நாசரேத்தில் மரம் இழைத்துக்கொண்டுதான் இருந்தார். ஊர்க்காரர்கள் அவரையும் தச்சன் மகன் என்றுதான் இளக்காரமாகச் சொன்னார்கள். உனக்கு மேஸ்திரியோடு ஒத்துப்போகவில்லை என்று நினைக்கிறேன். பொறுத்துக்கொள். தலைவலிக்கு ஆஸ்பத்திரியில் காட்டு. லட்சியம் என்பது போய்ச் சேருகிற இடம் மட்டுமல்ல, போகிற வழியையும் ஒப்புக்கொடுப்பதுதான் என்று நாங்கள் படிக்கிறோம். இன்னும் ஆறு மாதம் பொறு. அடுத்த பரீட்சையில் ஆண்டவர் கை கொடுப்பார்.

அம்மா கொல்லைக்குப் போகாமல் இருக்கிறது என்று படித்ததும் அழுதுவிட்டேன். உன் இரண்டாவது லட்சியத்தை ஆண்டவர் நிறைவேற்றிவிட்டார், பார்த்தாயா?

உன்மேல் உயிராக இருக்கும்
அஸ்வினி

*

காணை
15 டிசம்பர் 2024

தங்கச்சிக்கு,

ரொம்ப நாளாக எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவைக் கோயில் மண்டபத்தில் வைத்திருந்தேன். இப்போது வடிந்துவிட்டது. அம்மா நலம். நான் நலம்.

மழைக்குப் பிறகு எங்கள் லாரிக்கு ஓய்வே இல்லை. பாண்டுரங்கன் என்று ஒருவர் என்னோடு வேலை செய்கிறார். திருவாமாத்தூர்க்காரர், மூன்று பெண் பிள்ளைகள். அவர் இல்லையென்றால் எனக்கு இந்த வேலை ஓடாது. ரொம்பச் சிரிக்க வைப்பார்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். நீ சொன்னபடியே வேலை தொடங்கும் முன் சிலுவை போட்டுக்கொள்கிறேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "இன்னாப்பா, சர்ச்சுக்கா வந்துக்கினு இருக்கிற?" என்கிறார். நாற்றம் தெரியாமல் போகும் என்று எழுதியிருந்தாய். எனக்கு இன்னும் அந்த வரம் கிடைக்கவில்லை.

குரூப் டூ ரிசல்ட்டில் என் நம்பர் இல்லை. கோயிலில் இப்போது பின்னால் வெளியே நின்றுதான் பூசை பார்க்கிறேன். உள்ளே கூட்டம்.

தை முகூர்த்தம் முடிந்ததும் நின்றுகொள்கிறேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். அதுவரை ஆண்டவருக்கென்று செய்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். சிஸ்டருக்கும் சொல்.

புகழேந்தி

*

திண்டிவனம்
5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உனக்கும் அம்மாவுக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நான் நலமாக இருக்கிறேன். உன் நம்பர் வராததற்கு வருத்தப்படாதே. ஆண்டவர் தாமதிப்பார், மறக்க மாட்டார்.

நல்ல செய்தி. மே மாதக் கடைசியில் எங்களுக்கு முதல் வார்த்தைப்பாடு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றையும் பீடத்துக்கு முன்னால் நின்று வாக்குக் கொடுக்கப்போகிறேன். அதற்கு முன் தவக்காலத்தில் விண்ணப்பம் எழுத வேண்டும். நீதான் அப்பா இடத்தில் என்னைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வர வேண்டும். வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துக்கொள்.

லாரியில் என்ன ஏற்றுகிறீர்கள் என்று கேட்டிருந்தேன், நீ சொல்லவேயில்லை. கல்யாண முகூர்த்தத்துக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம்? பந்தல் சாமானா?

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அஸ்வினி

*

காணை
23 பிப்ரவரி 2025

எம்பொண்ணு அஸ்வினிக்கு அம்மா செண்பகம் எழுதறது,

ஆண்டவரு உனக்குத் துணையா இருக்கணும். உடம்பு எப்டி இருக்குது, சாப்புடுறியா? என்னைக் கேக்காத. பக்கத்து வூட்டு பானுப்ரியாதான் நான் சொல்லச் சொல்ல எழுதுது. அப்டியே எழுதுடின்னு சொல்லியிருக்கிறேன்.

உங்கண்ணன் அடக்கத்துக்கு வந்த. மண்ணு போட்ட. சிஸ்டருங்க வந்த வண்டியிலயே திரும்பிப் போயிட்ட. நம்ம ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கல. "வேலையில விபத்து"ன்னு மட்டும் உன்கிட்ட சொல்லியிருக்காங்க. முழுசா உனக்கு யாரும் சொல்லல. நான் சொல்றேன்.

உங்கண்ணன் வேலைக்குப் போனது கக்கூஸ் தொட்டிய உறிஞ்சிக்கினு போற லாரிக்கு. சூப்பர்வைசரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொதல்ல கணக்கு எழுதிக்கினு இருந்திருக்கிறான். அப்புறம் ஆளு பத்தலன்னு பைப்பு புடிக்க வெச்சாங்க. அப்புறம் எல்லாந்தான்.

அன்னிக்கி விழுப்புரத்துல ஒரு கல்யாண மண்டபம். மறுநாளு கழிச்சு அங்க கல்யாணம். தொட்டி ரொம்பி வழியுது. அடியில சேறு கட்டிக்கினு பைப்பு இழுக்கல. மிஷினு வரவெச்சாத்தான் ஆவும்னு உங்கண்ணன் சொன்னானாம். "மிஷினு வர்றதுக்குள்ள தாலி கட்டிடுவாங்கப்பா, ஜல்தி எறங்கு"ன்னானாம் அந்த மேஸ்திரி சுப்பராயலு. பாண்டுரங்கன் எறங்குனான். எறங்குன கையோட சாஞ்சிட்டான். உள்ள வெஷக் காத்து அப்படி. மேல இருந்தவங்க கத்திக்கினு நின்னாங்க. உங்கண்ணன் துண்ட மூக்குல கட்டிக்கினு குதிச்சிட்டான். அந்த ஆளைத் தோளுல தூக்கி மேல குடுத்தான். அவங்க அவனை இழுத்துப் போட்டுட்டுத் திரும்பிப் பாக்குறாங்க, எம்புள்ளையைக் காணோம்.

பாண்டுரங்கன் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரில பொழச்சிக்கினான். தீயணைப்புக்காரங்க எம்புள்ளைய வெளியில எடுத்தாங்க. நான்தான் கழுவுனேன். யாரையும் தொட வுடல.

அந்தக் கல்யாணம் குறிச்ச நாள்ல நடந்துச்சும்மா. மேளம் அடிச்சாங்களாம்.

முப்பதாம் நாளு பூசையில சாமியாரு பிரசங்கம் வெச்சாரு. கூட்டாளிக்காக உயிரைக் குடுத்தான், இது ஆண்டவரோட திட்டம்னாரு. அவரு நல்லவருதான். ஆனா நான் எழுந்து வெளியில வந்துட்டேன். ஆண்டவரு எங்க திட்டம் போட்டாரு? ரெண்டு நாள்ல கல்யாணம், அதுக்குள்ள தொட்டி காலியாவணும், அதுதானே திட்டம்? அதை மண்டபத்துக்காரரும் மேஸ்திரியும் போட்டாங்க. அவங்க தலையில இருக்கறதை எதுக்கு ஆண்டவரு தலையில தூக்கி வெக்கிறாங்க?

மேஸ்திரி ஆளுங்க ரெண்டு தபா வந்தாங்க. தானா வழுக்கி வுழுந்துட்டான்னு எழுதிக்கினு வந்து, கையெழுத்துப் போடு, நல்லபடியா பாத்துக்கறோம்னாங்க. நான் போடல.

நீ வேளாவேளைக்குச் சாப்புடு.

அம்மா

*

திண்டிவனம்
9 மார்ச் 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எப்போதும் போல எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

சிஸ்டர் அதைப் படித்துவிட்டுத் தானே என் அறைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நான் படித்து முடிக்கும் வரை கூடவே உட்கார்ந்திருந்தார். "அண்ணாவின் கடிதங்களைப் படித்தபோது உங்களுக்குப் புரிந்ததா?" என்று கேட்டேன். "எனக்கும் சாதா லாரின்னுதான் தோணிச்சு அஸ்வினி" என்று சொல்லிவிட்டு அழுதார்.

அம்மா, நான்தான் அண்ணாவை வேலையை விடாதே என்று எழுதினேன். விடட்டுமா என்று என்னைக் கேட்டார். நீ சொல்கிறபடி செய்கிறேன் என்றார். தலைவலி, சோறு இறங்கவில்லை, இரண்டு தடவை குளிக்கிறேன், வெளியே உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்று எல்லாம் எழுதியிருந்தார். ஒரு குழந்தைக்குக்கூட அது புரிந்திருக்கும். நான் பன்றிக் கொட்டகைக் கதை சொன்னேன். ஆண்டவரே தச்சு வேலை செய்தார் என்றேன். ஆண்டவர் மரம் இழைத்தார், அம்மா. மலத்தில் இறங்கவில்லை.

நான் கழுவிய கொட்டகையில் காற்று இருந்தது. வேலை முடிந்ததும் என்னைப் புனிதமானவள் மாதிரிப் பார்த்தார்கள். அண்ணாவை யார் அப்படிப் பார்த்தார்கள்?

வார்த்தைப்பாட்டுக்கு விண்ணப்பம் எழுதும் தாள் கொடுத்திருக்கிறார்கள். அழைத்தலை எப்படி உணர்கிறாய் என்று முதல் கேள்வி. தாள் அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு என்மேல் கோபம் இருந்தால் எழுதுங்கள். கோபம் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

அஸ்வினி

*

காணை
30 மார்ச் 2025

அஸ்வினிக்கு அம்மா எழுதறது,

நல்லா இருக்கிறியா? நான் இருக்கிறேன். முட்டி வலிதான். மறுபடியும் கொல்லைக்குப் போய்க்கினு இருக்கிறேன்.

கோவம் இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். உன் காயிதத்தை அவன் எனக்குப் படிச்சிக் காட்டுனப்ப நான் ஆமாம் ஆமாம்னு தலையாட்டுனேன். அவன் போனப்புறம் அதை நெனச்சிக்கினு உன்னைத் திட்டுனேன். மடத்துல உக்காந்துக்கினு எம்புள்ளைக்குப் புத்தி சொன்னாளேன்னு திட்டுனேன். அப்புறம் ஓய்ஞ்சி போயிட்டேன். ஏன்னா உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் அவன் துணி துவைச்சவ. எனக்குத் தெரியாதா? மொத மாசமே தெரியும். டெட்டால்ல ஊற வெச்சு, தெருவுல யாரும் பாக்காம பின்னாடி கொடியில காயப் போட்டேன். ஒரு நாளும் அவனை நான் கேக்கல. கேட்டா அவன் பதில் சொல்லணும். சொல்லிட்டான்னா அந்த வேலைக்கு எங்க ரெண்டு பேரு நடுவுல ஒரு பேரு வந்துடும். பேரு இல்லாம இருக்கட்டும், தை வரைக்குந்தானேன்னு வுட்டுட்டேன். வூட்டுல சும்மா உக்காந்து சோறு தின்னது நானு. நீ எதை எடுத்து உன் தலையில வெச்சிக்கிற?

இதை எழுதுற பானுப்ரியா அழுதுக்கினே எழுதுது. அவனுக்கும் இந்தப் பொண்ணுக்கும் தை முடிஞ்சதும் கல்யாணம் பேசி முடிக்கலாம்னு இருந்தேன். ரெண்டு பேருக்கும் இஷ்டம். உனக்குச் சொல்லியிருக்க மாட்டான்.

கலெக்டர் ஆபீசுல விசாரணைன்னு கூப்புட்டாங்க. போனேன். பாண்டுரங்கனையும் கூப்புட்டிருந்தாங்க. அவன் என் மூஞ்சியப் பாக்கல. "தெரியலைங்க, நான் மயக்கத்துல இருந்தேங்க. யாரும் எறங்கச் சொல்லலைங்க"ன்னுட்டான். அவனுக்கும் மூணு பொட்டப்புள்ளைங்க. மேஸ்திரிகிட்டத்தான் திரும்ப வேலைக்குப் போவணும். நான் இன்னா சொல்றது?

நீ எனக்கோசரம் மடத்தை வுட்டுட்டு வரேன்னு எழுதாத. எனக்கு யாரும் வேணாம். உனக்கு அங்க இருக்கணும்னா இரு. வரணும்னா வா. ஆனா அவனுக்குப் பரிகாரம் பண்றதுக்குன்னு இருக்கவும் வேணாம், வரவும் வேணாம். ஆண்டவரு அப்டியெல்லாம் கேட்டாருன்னா அவரும் ஒரு மேஸ்திரிதான்.

அம்மா

*

காணை
29 ஜூன் 2025

மதிப்பிற்குரிய சிஸ்டர் ஜெசிந்தா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் அங்கே எல்லோரும் சுகம்தானா? உங்கள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நானும் அம்மாவும் இருக்கிறோம். என்னோடு இருந்தவர்கள் வார்த்தைப்பாடு கொடுத்த அன்று காலை எங்கள் கோயிலில் அவர்களுக்காகப் பூசை கண்டேன். வெளியே நின்றுதான். அண்ணா நின்ற இடம் எது என்று உபதேசியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அங்கிருந்து பீடம் தெரியவில்லை.

விண்ணப்பத் தாளை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு வரை வந்து என்னை ஏற்றிவிட்டீர்கள். அதை மறக்க மாட்டேன். ஜெபம் செய்கிறாயா என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். செய்கிறேன். கேட்பதுதான் மாறிவிட்டது. முன்பு, என்னை எங்கே அனுப்பப் போகிறீர் என்பேன். இப்போது, அவன் உள்ளே இருந்தபோது நீர் எங்கே இருந்தீர் என்கிறேன். பதில் வரவில்லை. நான் நிறுத்தவும் இல்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம் பாண்டுரங்கன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அம்மா சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். வாங்கினார், குடிக்கவில்லை. "எம்மா, கண்ண மூடுனா அவன் தோளுதான் தெரியுது. என் வயித்துக்குக் கீழ அவன் தோளு. தூக்குறான். தூக்கிக்கினே இருக்கறான்" என்றார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். "அன்னிக்கி நான் பொய் சொல்லிட்டேன். மறுபடி கூப்புட்டா சொல்றேம்மா" என்றார். "உம்புள்ளைங்களுக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்டாள் அம்மா. "தெரியலம்மா. மல்லாட்டைக் கொல்லைக்குப் போறேன்" என்றார்.

வக்கீல் ஒருவர் மனு எழுதிக் கொடுத்தார். மறுவிசாரணைக்குக் கூப்பிட்டார்கள். பாண்டுரங்கன் சொன்னார். இறங்கச் சொன்னது சுப்பராயலு, கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றது மண்டபத்துக்காரர் என்று இரண்டு பேரையும் சொன்னார். சுப்பராயலுவைப் பிடித்தார்கள். இரண்டே வாரத்தில் ஜாமீனில் வந்துவிட்டார். நேற்றுகூட லாரியில் அவரைப் பார்த்தேன். மண்டபத்துக்காரர் அந்த ஊரிலேயே அன்று இல்லை என்கிறார். வழக்கு நடக்கும். எத்தனை வருஷம் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. நான் விழுப்புரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வாய்தா அன்று மட்டும் லீவு.

ஐந்து வருஷம் கழித்து ஆண்டவர் முன்னால் எங்கே நிற்பாய் என்று தியானத்தில் கேட்டீர்கள். எனக்கு இப்போது அடுத்த வாய்தா வரைக்கும்தான் தெரிகிறது.

போன வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசிலிருந்து திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு லாட்ஜுக்குப் பக்கத்தில் அந்த மாதிரி லாரி ஒன்று நின்றிருந்தது. அண்ணா வேலை செய்தது அல்ல, வேறு. தொட்டியின் மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். அண்ணா வயதுதான் இருக்கும், ஒருவன் சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டிருந்தான். நான் அம்மாவின் கையைப் பிடித்து வேகமாகத் தாண்டிப் போகப் பார்த்தேன். அம்மா கையை உதறிவிட்டு நேராகப் போனாள். யாரையும் கேட்காமல் மூடியை இழுத்து மூடி, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யாரும்மா நீ? எழுந்திரு" என்றான் அவன்.

"எழுந்திரிக்க மாட்டேன் ராசா. மிஷினு வரட்டும்."

"பைத்தியமா நீ? பேஜாரு பண்ணாத, தள்ளு" என்று கத்திக்கொண்டே லாட்ஜ் மேனேஜர் வந்தார். நான் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். சிஸ்டர், அந்தக் கல் மூடி வெயிலில் கொதித்தது. மூடியின் இடுக்கிலிருந்து அந்தக் காற்று வந்தது. அண்ணா கடைசியாக இழுத்த காற்று. அம்மா மூக்கைப் பொத்தவில்லை. நானும் பொத்தவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. டிரைவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். முகத்தில் துண்டு கட்டியிருந்தவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, துண்டை அவிழ்த்து, எங்களுக்கு இரண்டடி தள்ளித் தரையில் உட்கார்ந்துகொண்டான். "இன்னா ஆச்சும்மா உனுக்கு?" என்று மெதுவாகக் கேட்டான். அம்மா சொன்னாள். அண்ணா பேர், மண்டபம், தோளில் தூக்கியது எல்லாம். அழாமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே தரையைப் பார்த்திருந்தான்.

கடைசியில் போலீஸ் வந்தது. ஆள் இறங்கக் கூடாது என்று சொல்லி லாரியை எடுக்கச் சொன்னார்கள். டிரைவர் ஆரனை அடித்தான். அந்த ஆள் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தான். லாரியில் ஏறிக்கொண்டான். அடுத்த தெருவில் வேறொரு தொட்டிக்குள் அவனை இறக்கியிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது.

லாரி திரும்பும் வரை அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் தோளைப் பிடித்து எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

"அந்தப் புள்ள பேரைக் கேக்காம வுட்டுட்டனே" என்றாள்.

எங்கள் இருவரையும் உங்கள் ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தோணிசாமி மகள்
அஸ்வினி